மொட்டைக் கடுதாசியும் போர்க் காணொளியும்



இந்த முறை நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

2025 ஏப்ரல் 22-ஆம் தேதி பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மே 7-ஆம் தேதி அதிகாலை நம் படைகள் எல்லைக்கு அப்பால் தாக்குதல் நடத்தின. மறுநாள் இரவு ஜம்முவில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். வானத்தில் டிரோன்கள், வெடிச் சத்தம். இங்கே புதுச்சேரியில் நானும் எல்லோரையும்போலத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தேன். பத்தரை மணி வாக்கில் கைப்பேசிக்கு ஒரு காணொளி வந்தது. கறுத்த வானம். தரையிலிருந்து நெருப்புப் பொறிகள் வரிசையாக மேலே போகின்றன. தூரத்தில் ஏதோ ஒன்று தீப்பிடித்துக் கீழே விழுகிறது. "ஜம்மு, சற்றுமுன்" என்று மேலே எழுதியிருந்தது.

என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருபது பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு ஒன்று எங்களுக்கு உண்டு. கொஞ்சமும் யோசிக்காமல் அதில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். அந்தக் குழுவில் இருக்கும் ஒரு நண்பரின் மகன் ராணுவத்தில் இருக்கிறான், அப்போது ஜம்மு பக்கம்தான் இருந்தான் என்பது என் நினைவுக்கே வரவில்லை.

காலையில் காப்பி குடிக்கும்போது பேரனிடம் அதைக் காட்டினேன். அவன் நாலு நொடி பார்த்தான். "தாத்தா, இது கேம். நானே விளையாடியிருக்கேன்" என்றான்.

உடனே நண்பருக்குப் போன் செய்தேன். "ராத்திரி பூரா அவ தூங்கல சார். பையன் போன் ஸ்விட்ச் ஆஃப். சாமி ரூம்லயே உக்காந்திருந்தா. விடிகாலை அஞ்சு மணிக்குத்தான் அவன் பேசினான்" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

முப்பது வருடத்துக்கு மேல் எழுத்தராக இருந்தவன் நான். தேதி இல்லாத காகிதத்தை மேசையிலிருந்து நகர்த்தியதில்லை. அப்படிப்பட்டவன் ஒரு விளையாட்டுப் படத்தை யுத்தம் என்று நம்பி எப்படி அனுப்பினேன்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. கொஞ்ச நாளாக இதைப் பற்றிப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கிடைத்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒன்று தெரிந்தது. போரைப் படமாகக் காட்டி ஏமாற்றுவது புதிய சங்கதியே அல்ல. லுமியேர் சகோதரர்கள் பாரிஸில் பணம் வாங்கிக்கொண்டு முதன்முதலாகச் சினிமா காட்டியது 1895 டிசம்பர் 28. அடுத்த இரண்டே வருடத்தில், 1897-இல், கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் போர் வந்தது. மந்திர வித்தைக்காரராக இருந்து சினிமாவுக்கு வந்த ஜார்ஜ் மெலியே, பாரிஸ் அருகே மோந்த்ரேய் என்ற இடத்தில் தன்னுடைய ஸ்டூடியோவில் கப்பல் தளம் மாதிரி செட் போட்டு அந்தக் கடல் சண்டையைப் படம் பிடித்தார். போர் நடந்த இடம் எங்கேயோ, படம் பிடித்த இடம் எங்கேயோ. சினிமா தவழும் வயதிலேயே இது ஆரம்பித்துவிட்டது.

முதல் உலகப் போரில் அரசாங்கங்கள் சினிமாவின் பலத்தைப் புரிந்துகொண்டன. 1915-இல் பிரெஞ்சு ராணுவம் தனக்கென்று ஒரு சினிமாப் பிரிவை ஆரம்பித்தது. எடுத்த படமெல்லாம் தணிக்கைக்குப் போய்த்தான் திரைக்கு வரும். நம் கடற்கரைச் சாலையில் போர் வீரர் நினைவுச் சின்னம் இருக்கிறதே, ஜூலை 14-க்கு விளக்குப் போட்டு அலங்கரிப்பார்களே, அதில் நினைவுகூரப்படும் பிரெஞ்சிந்திய வீரர்கள் போய்ச் சண்டையிட்ட அதே போர்தான். எங்கள் தெருவில் இருந்த வயதான சொல்தாக்கள் யாரும் தாங்கள் போன போர்களைப் பற்றி வாய் திறந்து பேசி நான் கேட்டதில்லை. மெடலைக் குத்திக்கொண்டு அணிவகுப்புக்குப் போவார்கள், வருவார்கள், அவ்வளவுதான். பேசியதெல்லாம் படங்கள்தான்.

1916 ஜூலை 1-ஆம் தேதி பிரான்சில் சோம் ஆற்றுப் பக்கம் பிரிட்டிஷ் படை தாக்குதலை ஆரம்பித்தது. அந்த ஒரே நாளில் அவர்கள் தரப்பில் 19,240 பேர் இறந்தார்கள். அந்தச் சண்டை முடியுமுன்பே, ஆகஸ்டு மாதத்தில், "சோம் சண்டை" என்ற படம் லண்டனில் திரைக்கு வந்துவிட்டது. ஆறு வாரத்தில் ஏறத்தாழ 2 கோடி டிக்கெட் விற்றதாகக் கணக்கு. தங்கள் வீட்டுப் பையன் தெரிகிறானா என்று தாய்மார்கள் திரையைப் பார்த்தார்கள். அந்தப் படத்தில் பெரும்பகுதி உண்மையாகவே அங்கே எடுத்தது. ஆனால் எல்லோர் மனத்திலும் நின்ற காட்சி, வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து ஏறி ஓடும்போது ஒருவன் குண்டடிபட்டுச் சரிந்து விழுவது. அந்தக் காட்சி போர்க்களத்துக்குப் பின்னால் ஒரு பயிற்சி இடத்தில் நடித்து எடுத்தது என்று பிறகுதான் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு 1971 ஞாபகம் இருக்கும். டிசம்பர் 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததை வானொலியில் கேட்டோம். கண்ணால் பார்த்தது பிறகு சினிமாக் கொட்டகையில், பெரிய படத்துக்கு முன்னால் போடும் ஃபிலிம்ஸ் டிவிஷன் நியூஸ் ரீலில். கொட்டகையே கைதட்டியது. அதுவும் அரசாங்கம் காட்ட விரும்பியதைத்தான் காட்டியது, மறுக்கவில்லை. ஆனால் யார் எடுத்தது, யார் பொறுப்பு என்று நமக்குத் தெரியும். கேள்விக்கும் காட்சிக்கும் நடுவே கொஞ்சம் நாளும் இருந்தது.

அந்த இடைவெளி போனது 1991-இல். ஜனவரி 17 அதிகாலை அமெரிக்க விமானங்கள் பாக்தாத்தைத் தாக்கியபோது, அங்கே ஒரு ஹோட்டல் அறையிலிருந்து சி.என்.என். செய்தியாளர்கள் மூவர் நடப்பதை நடக்கும்போதே உலகத்துக்குச் சொன்னார்கள். அடுத்து வந்த நாட்களில் ராணுவமே படம் காட்ட ஆரம்பித்தது. குண்டு தன் இலக்கைத் தேடிப் போவது, விமானத்திலிருந்த கேமரா எடுத்த கறுப்பு வெள்ளைப் படமாக வந்தது. நடுவில் குறுக்குக் கோடு, அப்புறம் ஒரு வெள்ளைப் புகை. ஒரு பாலத்தை ஒரு வண்டி கடந்த சில நொடியில் பாலத்தில் குண்டு விழுகிறது. அந்த ஓட்டுநர்தான் இராக்கிலேயே பெரிய அதிர்ஷ்டசாலி என்று ஜெனரல் ஷ்வார்ஸ்காஃப் வேடிக்கையாகச் சொல்ல, நிருபர்கள் சிரித்தார்கள். அந்தப் போரை வீடியோ கேம் போர் என்றே அப்போது பலர் அழைத்தார்கள்.

காட்டாமல் விட்டது என்ன? அந்தப் போரில் போட்ட குண்டுகளில் இப்படி வழி பார்த்துப் போகிறவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவை பழைய மாதிரி விழுந்தவைதான். வழி பார்த்துப் போன குண்டுகளும் பிப்ரவரி 13-ஆம் தேதி பாக்தாத்தின் அமிரியா பகுதியில் ஜனங்கள் ஒளிந்திருந்த பாதுகாப்பு அறைக்குள் போய் விழுந்து 400-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றன. அந்தச் சமயத்தில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழான் போத்ரியார் "லிபெராசியோன்" நாளிதழில் மூன்று கட்டுரை எழுதினார். வளைகுடாப் போர் நடக்கவே இல்லை என்பது அதில் ஒன்றின் தலைப்பு. பிற்பாடு புத்தகமாகவும் வந்தது. முதலில் படித்தபோது, இத்தனை பேர் செத்திருக்க இந்த ஆள் என்ன சொல்கிறார் என்று எரிச்சல் வந்தது. செத்தவர்களை அவர் மறுக்கவில்லை. திரையில் நாம் பார்த்தது வேறு, அங்கே நடந்தது வேறு என்பதுதான் அவர் சொன்னது. பேரன் அந்த நாலு நொடியில் சொன்னதும் கிட்டத்தட்ட இதையேதான்.

திரையால் நேரடியாகவே ஆபத்து வந்ததை நாம் 2008-இல் மும்பையில் பார்த்தோம். நவம்பர் 26 இரவு ஆரம்பித்து 29 வரை அந்தத் தாக்குதல் நீடித்தது. ஹெலிகாப்டரிலிருந்து கமாண்டோக்கள் நரிமன் ஹவுஸ் மாடியில் இறங்கியதை நாடே நேரலையில் பார்த்தது. பாகிஸ்தானில் உட்கார்ந்து அந்தப் பயங்கரவாதிகளுக்குப் போனில் உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தவர்களும் அதே தொலைக்காட்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் இந்த நேரலையைக் கடுமையாகக் கண்டித்தது. பார்க்கிற நமக்கு அது செய்தி. அவர்களுக்கு அது வேவு.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். 1966-இல் இத்தாலிய இயக்குநர் ஜில்லோ போந்தெகோர்வோ அல்ஜியர்ஸ் நகரச் சண்டையைப் பற்றி ஒரு படம் எடுத்தார். பிரெஞ்சுப் படையை எதிர்த்த அல்ஜீரியர்களில் ஒரு தலைவரே அதில் நடித்தார். செய்திப் படத்திலிருந்து ஒரு துண்டுகூடச் சேர்க்காமல், செய்திப் படம் மாதிரியே எடுத்திருந்தார். பிரான்சில் சில ஆண்டுகள் அதைத் திரையிட முடியவில்லை. அந்தப் படத்தை 2003 ஆகஸ்டில், இராக் போர் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனில் போட்டுப் பார்த்தார்கள். நடித்து எடுத்த படம் நிஜப் போருக்குப் பாடமாகிவிட்டது.

படத்தையாவது உட்கார்ந்து பார்க்கத்தான் முடியும். கம்ப்யூட்டர் விளையாட்டில் கையும் சேர்ந்து பழகுகிறது. 1996-இல் அமெரிக்க மரைன் படை "டூம்" என்ற பிரபலமான விளையாட்டைத் தங்கள் பயிற்சிக்கு ஏற்றபடி மாற்றி வைத்துக்கொண்டது. 2002 ஜூலை 4-ஆம் தேதி அமெரிக்க ராணுவமே "அமெரிக்காஸ் ஆர்மி" என்ற விளையாட்டை இலவசமாக வெளியிட்டது. இளைஞர்களைப் படைக்கு இழுப்பதற்கான ஏற்பாடு அது. 2022 வரை இருபது ஆண்டுகள் ஓடியது. 2018-இல் சேவைக்கு வந்த யு.எஸ்.எஸ். கொலராடோ என்ற நீர்மூழ்கிக் கப்பலில், வெளியே பார்க்கும் கருவியை இயக்குவதற்கு, பிள்ளைகள் கையில் இருக்கும் எக்ஸ்பாக்ஸ் விசையையே வைத்துவிட்டார்கள். பழைய கருவியின் விலை ஏறத்தாழ 38,000 டாலர். இது 30 டாலருக்குள். விலையைவிட முக்கியம், கப்பலுக்கு வருகிற பையன்களுக்கு அதைச் சொல்லித்தரவே வேண்டியதில்லை.

இதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இன்னொன்று. "வார் தண்டர்" என்று டாங்கிகளை வைத்து ஆடும் விளையாட்டு. அதில் வரும் டாங்கி நிஜத்தைப்போல இல்லை என்று வாதாடி ஜெயிப்பதற்காக 2021-இல் சிலர் ராணுவக் கையேட்டுப் பக்கங்களையே வெளியிட்டார்கள். முதலில் பிரிட்டனின் சேலஞ்சர் 2, அப்புறம் பிரான்சின் லெக்ளேர். ரகசியக் கோப்பு என்றால் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு போன அதிகாரிகளிடம் வேலை பார்த்தவன் நான். விளையாட்டில் சரி தவறு நிரூபிக்க ஒருவன் இதைச் செய்வான் என்பதை அவர்கள் நம்பியே இருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகஸ் சூதாட்ட நகரத்துக்கு அருகே, கிரீச் என்ற விமானப்படைத் தளம் இருக்கிறது. அங்கே ஓர் அறையில் உட்கார்ந்து ஆப்கானிஸ்தானத்தின் மேல் பறக்கும் டிரோனை ஓட்டினார்கள். டியூட்டி முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு சாப்பிடலாம். இவர்களுக்கென்ன, உயிருக்கு ஆபத்து இல்லையே என்று தோன்றும். ஆனால் ஒரு மனிதனை நாள்கணக்கில் திரையில் கவனித்து, அவன் பிள்ளைகளோடு இருப்பதையும் பார்த்து, பிறகு குண்டு போட்டு, அதற்குப் பின் மிச்சத்தையும் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள். போர்க்களத்துக்குப் போய்வந்தவர்களுக்கு வரும் மனநோய் அவர்களிலும் பலருக்கு வந்தது. திரை அவர்களைக் குண்டிலிருந்துதான் காப்பாற்றியது.

இன்றைய உக்ரைன் போரில் இது இன்னும் மேலே போய்விட்டது. சில நூறு டாலர் விலையுள்ள சின்ன டிரோன். ஓட்டுபவர் கண்ணாடி மாட்டிக்கொண்டால் டிரோனின் கண்ணே அவர் கண். இலக்கு பெரிதாகிக்கொண்டே வரும், பிறகு திரை வெறுமையாகும். அங்கேதான் ஒருவன் சாகிறான். அந்தக் காட்சிகளுக்குப் பின்னணி இசை சேர்த்து இரண்டு தரப்பும் வெளியிடுகின்றன. உக்ரைன் அரசு ஒரு புள்ளிக் கணக்கும் வைத்திருக்கிறது. தாக்கியதைக் காணொளியால் நிரூபித்தால் அந்தப் படைப்பிரிவுக்குப் புள்ளி. சேர்ந்த புள்ளிகளைக் கொடுத்துப் புது டிரோன் வாங்கிக்கொள்ளலாம். படையெடுத்து வந்தவனை எதிர்த்து நிற்கும் நாடு, எந்தப் பிரிவு நன்றாகச் சண்டையிடுகிறதோ அதற்குத் தளவாடம் போகட்டும் என்ற நியாயம் அவர்களுக்கு உண்டு. இருந்தாலும் மனித உயிருக்குப் புள்ளி என்று படித்தபோது செய்தித்தாளைக் கொஞ்ச நேரம் மடித்து வைத்துவிட்டேன்.

அந்த நாட்டின் அதிபர் செலென்ஸ்கி முன்பு நகைச்சுவை நடிகர். தொலைக்காட்சித் தொடரில் அதிபராக நடித்தவர், 2019-இல் நிஜமாகவே அதிபரானார். 2022 மார்ச் 16-ஆம் தேதி, ஆயுதங்களைக் கீழே போடுங்கள் என்று அவர் தன் வீரர்களுக்குச் சொல்வதுபோல் ஒரு காணொளி வந்தது. கம்ப்யூட்டரால் செய்த போலி. அவரே உடனே வேறொரு காணொளியில் தோன்றி மறுத்தார். போலி அவ்வளவு நேர்த்தியாக இல்லாததால் அதிகம் பேர் ஏமாறவில்லை. இனி வருபவை அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது.

நான் ஏமாந்ததற்கு அந்த அளவு தொழில்நுட்பம்கூடத் தேவைப்படவில்லை. "ஆர்மா 3" என்று 2013-இல் வந்த ஒரு விளையாட்டு. செக் நாட்டு நிறுவனம் செய்தது. உக்ரைன் தொடங்கிப் பல போர்களில் அதன் காட்சிகளை நிஜம் என்று பரப்பியதால், 2022 நவம்பரில் அந்த நிறுவனமே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. போலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அதில் அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். படம் தெளிவில்லாமல் இருக்கும். கேமரா ஆடும். பெரும்பாலும் இரவுக் காட்சியாக இருக்கும். சத்தம் இருக்காது. மனிதர்கள் நடமாடுவது தெரியாது. நான் அனுப்பியதை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் பொருந்தியது. எது எனக்கு நிஜம் என்ற நம்பிக்கையைக் கொடுத்ததோ, அந்த இருட்டும் ஆட்டமும்தான் போலிக்கு அடையாளம். 2025 மே மாதத்தில் இப்படிப்பட்ட விளையாட்டுக் காட்சிகள் போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமும் எச்சரித்துக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு. தொலைக்காட்சிகளும் அந்த நாட்களில் விறுவிறுப்புக்காகச் சங்கு ஒலியைப் போட்டுக்கொண்டிருந்தன. நிஜமான அபாயச் சங்கை ஜனங்கள் அலட்சியம் செய்துவிடுவார்கள், அதை நிகழ்ச்சிகளில் பயன்படுத்தாதீர்கள் என்று மே 10-ஆம் தேதி அரசாங்கமே சொல்ல வேண்டி வந்தது.

மெலியே காலத்திலிருந்து இன்றுவரை பொய்ப் படம் இருந்தே வந்திருக்கிறது. ஆனால் அன்றைக்குப் படம் எடுக்கிறவன் ஒருவன், சண்டை போடுகிறவன் ஒருவன், பார்க்கிறவன் ஒருவன். கொட்டகையை விட்டு வெளியே வந்தால் பார்க்கிறவன் வேலை முடிந்தது. இன்று பேரன் விளையாடுவதும், டிரோன்காரன் சண்டை போடுவதும், நான் செய்தி பார்ப்பதும் ஒரே மாதிரித் திரையில். அதோடு, பார்க்கிற என் கையில் அனுப்பும் பொத்தானையும் கொடுத்துவிட்டார்கள். எதிரி நாட்டில் பீதி கிளப்ப வேண்டும் என்றால் முன்பெல்லாம் விமானத்திலிருந்து துண்டுப் பிரசுரம் போடுவார்கள். இப்போது அந்த வேலையை என்னைப் போன்ற ஓய்வூதியக்காரன் வீட்டிலிருந்தே இலவசமாகச் செய்து கொடுக்கிறான்.

அலுவலகத்தில் தபால் பிரிவில் கொஞ்ச காலம் இருந்தேன். அனுப்புநர் யார், எந்த ஊர், என்ன தேதி. இந்த மூன்றும் இல்லாவிட்டால் அது மொட்டைக் கடுதாசி. அதன் மேல் நடவடிக்கை எடுக்க மாட்டோம். அதில் எழுதியிருப்பது உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் அதை நம்பி அடுத்த மேசைக்கு அனுப்பி ஒருவர் வாழ்க்கையில் கை வைக்கக் கூடாது என்பது விதி. அன்றிரவு எனக்கு வந்ததும் மொட்டைக் கடுதாசிதான். எடுத்தவர் யார் என்று இல்லை. இடமும் நேரமும் யாரோ மேலே ஒட்டியவை. படம் அசைந்ததால் விதி மறந்துபோனது.

இரண்டு நாள் கழித்து நண்பர் வீட்டுக்கு நேரில் போனேன். போனில் கேட்ட மன்னிப்பு போதாது என்று பட்டது. அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. நீங்க அனுப்பினா சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன்" என்றார்.

காப்பி தொண்டையில் இறங்கவில்லை. அன்றைக்கே எங்கள் குழுவில் என் தவற்றை எழுதிப் போட்டேன். இங்கேயும் எழுதிவிட்டேன்.